எழுபத்தொன்றாம் எண்

மேல் இழுப்பறையில் இல்லை. அடுத்ததில் முழுக்கக் காலுறைகள். கார்லிஸ் கறுப்புத் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, முட்டி போட்டு மூன்றாவது இழுப்பறையைக் குடைந்தாள். ஆராதனை பதினொரு மணிக்கு. இப்போதே எட்டே முக்கால் ஆகிவிட்டது. அண்ணனைக் குளிப்பாட்டி, உடை உடுத்தி, பெட்டியில் கிடத்தியாயிற்று, கோட்டில் குத்த ஒரு பின் இருக்கிறதென்று சொன்னீர்களே, அது எங்கே என்று ஈமச்சடங்கு நிலையத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

இருபத்தைந்து வருடம் ஒரு சின்ன உரசல்கூட இல்லாமல் நகரப் பேருந்து ஓட்டியதற்காகக் கொடுத்த பின் அது. எல்வுட் டாலிவர் அறுபத்து மூன்று வருட வாழ்க்கையில் வாங்கிய பரிசு அது ஒன்றுதான். வாங்கிய அன்று மட்டும் குத்தியிருந்தார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்த்ததில்லை.

"கிடைச்சுதா?" சமையலறையிலிருந்து அண்ணி நடீனின் குரல் வந்தது.

"தேடிட்டிருக்கேன் அண்ணி. அண்ணன் எதையும் தூக்கிப் போடமாட்டார் போலிருக்கு. தொண்ணூத்தேழாம் வருஷத்து மின்சார ரசீதெல்லாம் இருக்கு."

"அதுக்கு முன்னாடி வருஷத்துது கராஜ்ல இருக்கு."

ரசீதுகளுக்கு அடியில் ஒரு பழைய சுருட்டுப் பெட்டி. அதைத் திறந்ததும் பின் கிடைத்துவிட்டது. ஒரு மஞ்சள் குறிப்பேட்டின் அட்டையில் குத்தி வைத்திருந்தார். பின்னை எடுக்கப் போன கார்லிஸின் கை அப்படியே நின்றது.

அந்த மஞ்சள் அவளுடைய மஞ்சள். மூன்று வருடத்துக்கு முன்னால் அச்சகத்தில் உட்கார்ந்து அவளே தேர்ந்தெடுத்த நிறம். போலீஸ் நடமாட்டம் அதிகமுள்ள தெருக்களில் வாழும் கறுப்பின ஆண்களின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. கையில் பட்டை கட்டி, இடுப்பில் எண் எதையும் காட்டாத சின்ன மெஷினை மாட்டி, ஒரு நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு தரம் அளக்க வேண்டும். அளக்கும்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவர்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதியதற்குக் கார்பன் நகல் ஒன்று அவர்கள் கையிலேயே இருக்க வேண்டுமென்று பல்கலைக்கழகத்தில் சண்டை பிடித்து வாங்கியவளும் அவள்தான். "நம்ம ஆளுங்ககிட்டேருந்து எல்லாரும் எடுத்துட்டுத்தான் போறாங்க. கையில ஒண்ணாவது மிஞ்சட்டும்" என்று கத்தியிருந்தாள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆய்வு நடத்துகிறவளின் சொந்தக்காரர்கள் அதில் சேரக்கூடாது. விதி. அது அண்ணனுக்கும் தெரியும். கடந்த ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் யாரும் சேர மறுக்கிறார்கள், இன்னும் ஆறு பேர் குறைகிறது, கெடு நெருங்குகிறது என்று அவள் புலம்பியது ஞாபகம் வந்தது. அண்ணன் கோழிக்காலைக் கடித்தபடி, "இவ்வளவு நாள் எங்களை அளந்தவங்க போதாதா, புரொபசரம்மா? நீ வேற டேப்பைத் தூக்கிட்டு வரணுமா?" என்று சீண்டியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் ஆறு பேரும் எப்படியோ சேர்ந்துவிட்டார்கள். அவளும் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை.

அட்டையின் மூலையில், ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் ஒடெல்லாவின் உருண்டைக் கையெழுத்தில் எண் எழுதியிருந்தது. எழுபத்தொன்று.

கோபம் போன இடம் தெரியவில்லை. கார்லிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பெயர்கள் தெரியாது, தெரியவும் கூடாது. எண்கள் மட்டும் தெரியும். இருநூற்று நாற்பது எண்களில் ஐந்து அவளுக்கு மனப்பாடம். மார்ச் மாதம் ஒரு மத்தியான வேளையில் அந்த ஐந்தையும் கணக்கிலிருந்து எடுத்தவள் அவள். உதவியாளர் கேட்கத்தான் செய்தாள்: "எழுபத்தொன்று ரொம்ப அதிகமா இருக்கு மேடம். தூக்கத்துலகூட நூத்தித் தொண்ணூறு. ஒரு தடவை இருநூத்திப் பதினாலு. கூப்பிட்டுச் சொல்லணுமில்ல?" நூற்றெண்பதைத் தாண்டினால் ஒரே நாளில் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. மெஷின் கோளாறு என்று குறித்துவிட்டால் போன் தேவையில்லை என்றும் இருந்தது.

"இவ்வளவு பிரஷரோட ஒரு மனுஷன் நடமாட முடியுமா? பட்டையைத் தப்பாக் கட்டியிருப்பாங்க. எடுத்துடு" என்றாள் கார்லிஸ். கல் நெஞ்சத்தால் அல்ல, பயத்தால். இருபது வருடமாக அவள் எழுதுவதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். கறுப்பினப் பெண், போலீஸைப் பற்றி எழுதுகிறாள், அண்ணன் வேறு ஊரறிந்த போராட்டக்காரன், எண்ணை ஏற்றிச் சொல்லியிருப்பாள் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் வாயை அடைக்க, சந்தேகத்துக்கு இடமான பெரிய எண்களையெல்லாம் முதலில் தானே வெட்டிவிடுவாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே வெட்டிவிடுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

குறிப்பேட்டைப் பிரித்தாள். ஓட்டுநர்களுக்கே உரிய கட்டை எழுத்து.

*7.30. காபி. நடீன் பாடுகிறாள். கொடுமை.*

*9.00. குப்பைத் தொட்டியை வெளியே வைத்தேன்.*

*2.30. காரில். பின்னால் போலீஸ் கார்.*

*3.00. மூன்று தெரு பின்னாலேயே வந்தது. திரும்பிப் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை.*

*7.00. நகரசபை. என் ரெண்டு நிமிஷம்.*

*2.00. தூங்கினேன். பட்டை இறுக்கி எழுப்பிவிட்டது. என் தங்கச்சி மாதிரியே, நிம்மதியா விடாது.*

கடைசிப் பக்கத்தில் அவள் வடிவமைத்த கட்டம். *இரண்டு வாரத்துக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வந்ததா?* 'இல்லை' என்ற இடத்தில் அண்ணன் பெரிதாக டிக் போட்டிருந்தார். பக்கத்தில், *அப்போ நல்லாத்தான் இருக்கேன்* என்று எழுதியிருந்தார்.

"இன்னுமா கிடைக்கல?" நடீன் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். கறுப்பு உடையின் மேல் சமையல் ஏப்ரன். குறிப்பேட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் பத்து நாளில் முதன்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அய்யோ, அகப்பட்டுட்டாரா! உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்டயும் ஒடெல்லாகிட்டயும் சத்தியம் வாங்கினார். தங்கச்சிக்கு ஆள் குறையுது, நான் போய் நின்னா சலூன்ல இருக்கிற மத்தவனுங்களும் வருவானுங்கன்னார். வந்தானுங்களே, அஞ்சு பேரு."

"எனக்குத் தெரியாது அண்ணி."

"தெரிஞ்சா விட்டிருப்பியா நீ?" நடீன் கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் அவரை டாக்டர்கிட்ட போங்க போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கார்லிஸ். பிப்ரவரி வரைக்கும் போறேன் போறேன்னுதான் சொல்லிட்டிருந்தார். உங்க மெஷினைக் கட்டினதுக்கு அப்புறம் அந்தப் பேச்சே போச்சு. ஒரு நாள் பூரா அளந்திருக்காங்க, ஏதாவதுன்னா என் தங்கச்சி ஆபீஸ்லேருந்து போன் வந்திருக்குமே, வரலையே, அப்புறம் எதுக்கு டாக்டர்ன்னார். நானும் சரின்னு விட்டுட்டேன்."

போன் அடித்தது. ஈமச்சடங்கு நிலையம், மூன்றாவது முறை.

"பின் கிடைச்சிருச்சுங்க. இதோ வர்றோம்" என்றாள் கார்லிஸ். தன் குரல் எப்படி இவ்வளவு தெளிவாக வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

தேவாலயம் நிரம்பி, வெளிப்படி வரை ஆட்கள் நின்றார்கள். அவர் ஓட்டிய பேருந்தில் ஏறி வேலைக்குப் போனவர்கள், அவரோடு தட்டி பிடித்துத் தெருவில் நடந்தவர்கள், நகரசபையிலிருந்து இரண்டு பேர். வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக ஒடெல்லா நடுவழியில் நின்று, அழுது துவளுகிறவர்களுக்கு விசிறியும் காகிதக் கைக்குட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் அவள் கார்லிஸின் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவள். ஞாயிறுகளிலும் சாவு வீடுகளிலும் தேவாலயத்தின் தாதி. இரண்டையும் ஒரே நடையில் செய்வாள். கார்லிஸைக் கண்டதும் ஒரு விசிறியை நீட்டினாள். கார்லிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

வாழ்க்கைக் குறிப்பை மௌனமாக வாசிக்கும் நேரம் வந்தது. ஆர்கன் மெல்ல ஒலிக்க, நானூறு பேர் ஒரே சமயத்தில் நினைவுமலரைப் பிரிக்கிற சத்தம். அந்தக் குறிப்பை எழுதியது கார்லிஸ்தான். வீட்டில் படித்தவள் அவள் ஒருத்தி, வேறு யார் எழுதுவார்கள்? மிசிசிப்பி ஆற்றோரம் பிறந்தது, பேருந்து, நடீனைக் கைப்பிடித்தது, போலீஸ் யாரை எங்கே எதற்கு நிறுத்துகிறது என்ற கணக்கை நகரம் வெளியிட வேண்டுமென்று பதினொரு வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல் நகரசபைக்குப் போய் நின்றது, கடைசியில் வெளியிட வைத்தது. எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. கடைசி வரி: *செப்டம்பர் ஒன்பதாம் நாள், முற்றிலும் எதிர்பாராத விதமாக, கர்த்தரிடம் சேர்ந்தார்.*

அந்த வரியைத் தாண்ட அவளால் முடியவில்லை. ஆர்கன் நின்ற பிறகும் அதிலேயே இருந்தாள்.

பாஸ்டர் எழுந்து, "பேசறவங்க ஆளுக்கு ரெண்டே நிமிஷம்" என்றதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நகரசபையிலும் பொதுமக்களுக்கு இரண்டு நிமிடம்தான். மற்றவர்களுக்கு அது போதாது. எல்வுட் ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடித்துவிடுவார். மிச்சப் பதினைந்து விநாடி ஒன்றும் பேசாமல், போலீஸ் தலைமை அதிகாரியை உற்றுப் பார்த்தபடி ஒலிவாங்கி முன்னால் நிற்பார். மணி அடிக்கும்வரை யாரும் அவரை உட்காரச் சொல்ல முடியாது. "அந்தப் பதினஞ்சு விநாடிக்குத்தான் அவனுங்க பயப்படுவானுங்க" என்பார். பத்து நாளைக்கு முன்னால், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். நகரசபைக்குக் கிளம்ப, கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம்தான் இருந்தார்.

இடுகாட்டில் வெயில் கொளுத்தியது. பெட்டி இறங்கும்போது நடீன் அழவில்லை. பெட்டி மூடும் முன் கோட்டில் பின் நேராக இருந்ததா என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

"நேரா இருந்துச்சு அண்ணி."

திரும்பி வந்தபோது தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு தயாராக இருந்தது. பொரித்த கோழி, சீஸ் மாக்ரோனி, புகையிட்ட பன்றிக்கறி போட்டு மணிக்கணக்காக வெந்த கீரை, வெண்ணெய் கேக். குடும்பத்தாருக்கென்று வெள்ளைத் துணி விரித்த மேசையில் நடீன் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். தட்டைத் தொடவில்லை.

எண்பது வயது டீக்கன் ராஸ்கோ தன் தட்டோடு வந்து குனிந்தார். எல்லாச் சாவுக்கும் காரணம் கண்டுபிடிக்கிற மனுஷன். வாய் நிறையக் கீரையை வைத்துக்கொண்டே, "உப்பும்மா. நம்ம ஆம்பளைங்களை உப்புதான் கொண்டுபோகுது. எல்வுட்டுக்கு உன் கைச் சமையல்னா உசிராச்சே" என்றார். கெட்ட எண்ணமில்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டார். முதுகில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

நடீன் தன் தட்டிலிருந்த கீரையை முள்கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கினாள். துளித்துளியாக, ஓர் இலைகூட விடாமல்.

"முப்பத்தாறு வருஷம் என் கையாலதான் போட்டேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். "பாதி உப்பு போடுன்னு தொலைக்காட்சியில சொன்னாங்க. போட்டேன். ருசியில்லைன்னார். மறுபடியும் போட்டேன்."

கார்லிஸால் அதற்குமேல் முடியவில்லை. சும்மா இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மெஷின் கோளாறு என்று தாளில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, உப்புக்கும் பன்றிக்கறிக்கும் வாய் கிடையாது. நடீன் அண்ணி மிச்ச நாளெல்லாம் கீரையை ஒதுக்கிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

"அண்ணி, ஒரு நிமிஷம் வாங்க."

கூடத்தை ஒட்டி ஞாயிறு பள்ளி அறை. குழந்தைகளின் குட்டி நாற்காலிகள், சுவரில் வண்ணத்தாளில் வெட்டி ஒட்டிய மிருகங்கள். கார்லிஸ் கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து மஞ்சள் குறிப்பேட்டை எடுத்து வைத்தாள்.

"உப்பு இல்ல அண்ணி. நான்தான்."

"என்னடி சொல்றே?"

"போன் வந்திருக்கணும். அண்ணனுக்கு இருநூத்தைத் தாண்டி ஓடியிருக்கு. தூக்கத்துலயும். என் மேசைக்கு வந்துது, நான் பார்த்தேன். யாருன்னு தெரியாது, வெறும் நம்பர்தான் தெரியும். இவ்வளவு பெரிய எண்ணை யாரும் நம்பமாட்டாங்க, என்னைத்தான் குத்தம் சொல்லுவாங்கன்னு, மெஷின் கோளாறுன்னு எழுதச் சொன்னேன். அப்படி எழுதினா போன் பண்ண வேண்டாம். அதனாலதான் போன் வரல."

நடீன் உட்கார இடம் தேடினாள். குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. அதில் ஒன்றில் உட்கார்ந்தாள், முட்டி நெஞ்சு உயரத்துக்கு வந்தது. குறிப்பேட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கூடத்தில் யாரோ உரக்கச் சிரித்தார்கள், அண்ணனைப் பற்றிய கதை ஏதாவது இருக்கும்.

"எப்பப் பார்த்தே?"

"மார்ச்சுல."

"மார்ச்." விரல்விட்டு எண்ணினாள். "ஆறு மாசம்."

"ஆமா அண்ணி."

"அவர் உன்னை நம்பினார், கார்லிஸ். டாக்டரை நம்பல, நான் சொன்னதைக் கேட்கல, உன்னை நம்பினார்."

கார்லிஸுக்கு மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைக் கேட்க இது நேரமில்லை என்று தோன்றியது, எந்த நேரமும் இருக்காது என்றும் தோன்றியது. கண்ணீர் தானாக இறங்கிக் கழுத்துப்பட்டியை நனைத்தது.

நடீன் அவளைத் தேற்றவில்லை. கடைசிப் பக்கத்துக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று நிமிர்ந்தாள்.

"இவர் ஒருத்தர்தானா?"

"என்னது?"

"மெஷின் கோளாறுன்னு எடுத்தியே, இவரை மட்டுமா?"

"இல்ல. அஞ்சு பேர்."

"அந்த நாலு பேருக்கும் போன் போகல."

"போகல."

"உசிரோட இருக்காங்களா?"

கார்லிஸுக்குத் தெரியவில்லை. பத்து நாளில் வேண்டாம், இன்று காலை எட்டே முக்காலிலிருந்து இந்த நிமிஷம் வரை, சவப்பெட்டியின் பின்னால் நடந்தபோதும், அந்த நான்கு பேரைப் பற்றி ஒரு தரம்கூட அவளுக்கு நினைப்பு வரவில்லை.

"தெரியாது" என்றாள்.

"அவங்க வீட்லயும் ஒருத்தி, போன் வரல, அப்போ நல்லாத்தான் இருக்கார்னு கீரை ஆக்கிட்டிருப்பா" என்றாள் நடீன். நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தாள். "என் முன்னாடி நின்னு அழுதுட்டிருக்கே. உன்கிட்ட நான் பேச வேண்டியது நிறைய இருக்கு, அதை அப்புறம் பேசறேன். முதல்ல கண்ணைத் துடை." கதவைத் திறந்து கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஒடெல்லா! அந்த ஆபீஸ் போனை எடுத்துட்டு இங்க வா."

ஒடெல்லா கையில் கேக் கத்தியோடு வந்தாள். நடீன் நான்கே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஒடெல்லா கத்தியைச் சின்ன மேசைமேல் வைத்துவிட்டு, வெள்ளைக் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள்.

"எனக்கு அளவு எதுவும் காட்டமாட்டாங்க, நடீன். யாருக்குப் போன் பண்ணணும்னு லிஸ்ட் வரும், பண்ணுவேன். இவர் பேர் வரல. வரலைன்னதும் நானே அவர்கிட்ட, நீங்க குதிரை மாதிரி இருக்கீங்கன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கார்லிஸைப் பார்த்தாள். "நம்பர் சொல்லுங்க புரொபசரம்மா. ஆனா பேரை நீங்க பார்க்கக்கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டீங்க?"

"நீங்களே டயல் பண்ணிக் கொடுங்க அக்கா. நான் பேசறேன். பத்தொன்பது."

ஒடெல்லா திரையைக் கையால் மறைத்துக்கொண்டு தேடினாள். பழக்கம். டயல் செய்து நீட்டினாள். மணி அடித்து அடித்து, கடைசியில் பதிவுசெய்த குரல் வந்தது. கார்லிஸ் தன் பெயரையும் போன் எண்ணையும் சொல்லி, உடனே கூப்பிடச் சொல்லி வைத்தாள்.

"அடுத்தது?"

"நூத்திநாலு."

இந்த முறையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு, ஏழு. நடீன் வாசலில் கைகட்டி நின்று கார்லிஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தட்டுகளை அடுக்குகிற சத்தம். ஒன்பதாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"யாரு?" ஓர் ஆண்குரல், தூக்கத்திலிருந்து எழுந்த எரிச்சலோடு. பின்னால் தொலைக்காட்சியில் கால்பந்தாட்டக் கூச்சல். "பாருங்க, எனக்கு எதுவும் வேணாம். இன்சூரன்ஸும் வேணாம், ஒரு எழவும் வேணாம். வைக்கிறேன்."

"வச்சிடாதீங்க ஐயா" என்றாள் கார்லிஸ். காலருகே கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு ரெண்டு நிமிஷம்."